பிறந்த வீட்டுக் கோடி

ஜெகதீஷ் எழுந்ததும் மோட்டார் போட்டான். தொட்டி நிறையும் வரை மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து பல் துலக்கினான். தண்ணீர் வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரையும் காபியும் எடுத்து வைத்துவிட்டுக் குளித்தான். கொடியில் முதலில் கைக்கு வந்த சட்டையைப் போட்டுக்கொண்டான். கடைத்தெருவுக்குப் போய் ஷட்டரைத் தூக்கினான். குழாய்ச் சுருள்களையும் பிளாஸ்டிக் வாளிகளையும் வெளியே எடுத்து அடுக்கினான். வாசலில் தண்ணீர் தெளித்தான். சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டினான். எட்டு மாதமாக இப்படித்தான். இதில் எதற்கும் யோசிக்க வேண்டியதில்லை. அது ஒரு வசதி.

எதிரில் ராஜாங்கத்தின் டீக்கடை. ஜெகதீஷ் கேட்காமலே டம்ளர் வந்தது.

"இன்னா மாப்ள, இன்னிக்கும் ரெண்டு பஸ்சு வந்துக்குது. எம்.எச்சு வண்டி, மகாராஷ்டிராலேந்து."

"ம்."

"காலையிலயே அஞ்சு பேரு வந்தாங்க. சக்கர கம்மியா போடுன்னு ஒருத்தன் கையாலயே சொன்னான். போட்டேன். குடிச்சிப் பாத்துட்டு சக்கர பத்தலன்னு அதுவும் கையாலயே சொன்னான். அந்தக் கைய வச்சிக்கினு எப்பிடித்தான் கோட்டைய புடிச்சாங்களோ."

ஜெகதீஷ் சிரிக்கவில்லை. ராஜாங்கமும் அதை எதிர்பார்க்கவில்லை. முன்பெல்லாம் இந்தக் கிண்டலுக்குப் பதில் சொல்ல வேறு ஆள் இருந்தது. புனேயிலிருந்து ஷர்வரியைக் கட்டிக்கொண்டு ஜெகதீஷ் ஊருக்கு வந்த புதிதில், "முந்நூறு வருசத்துக்கு முன்னாடி போனவங்கள திரும்ப கூட்டியாந்துட்டியேடா" என்று ராஜாங்கம் கடைவாசலில் நின்று கத்துவான். அவளுக்கு அப்போது தமிழ் அரைகுறை. ஆறு மாதம் கல்லாவில் உட்கார்ந்து, வல்லத்திலிருந்தும் சிங்கவரத்திலிருந்தும் வருகிற விவசாயிகளோடு பைப்புக்கும் வால்வுக்கும் மல்லுக்கட்டியதில் பேச்சு வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் திருப்பிக் கொடுத்தாள். "போறப்ப கோட்ட சாவிய இங்கியே வச்சிட்டுப் போயிட்டம்ண்ணா. எங்க வச்சிகிற, எடு." அன்றைக்கு ராஜாங்கம் டீக்குக் காசு வாங்கவில்லை.

போன வருஷம் ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகளோடு ஒரே கட்டாக உலகப் பாரம்பரியச் சின்னமானது. அடுத்த மாதம் ஷர்வரி போய்விட்டாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். காலையில் நன்றாக இருந்தாள். மதியம் இல்லை.

பஸ்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். காவித் தலைப்பாகையும் கொடியுமாக வந்து இறங்கினார்கள். லாட்ஜுக்காரர்களுக்குச் சந்தோஷம். வேறு சிலருக்கு எரிச்சல். கட்டினது ஒருத்தர், ஆண்டது ஒருத்தர், இப்ப வந்து எங்களுதுன்றானுங்களே என்று முடிதிருத்தும் கடையில் பேச்சு ஓடியது. ஜெகதீஷ் போனால் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த போன் வந்தது. சதாசிவ் மானே. ஷர்வரியின் அப்பா. சதாரா மாவட்டத்தில் கராட் என்கிற ஊர். அரசு பஸ் டிப்போவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெகதீஷும் ஷர்வரியும் புனேயில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பெயர் கிடையாது என்று மகளிடம் போனில் சொன்னவர். அதற்குப் பிறகு அவள் செத்த அன்று ஜெகதீஷ் போன் செய்தான். கேட்டுக்கொண்டார். போனை வைத்துவிட்டார். யாரும் வரவில்லை.

இப்போது, கோட்டை பார்க்க ஊர்க்காரர்களோடு பஸ்ஸில் வந்திருப்பதாகவும், அவனைப் பார்க்க வேண்டும் என்றும் இந்தியில் சொன்னார். ஜெகதீஷ் சரி என்றான். அம்மாவிடம் சொன்னபோது கண்ணம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இப்பயாச்சும் வராரே. வரட்டும். பொறந்த வூட்டுக் கோடி இல்லாமத்தானே அந்தப் புள்ளய எரிச்சோம்."

"அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கும்மா."

"உனக்கு இன்னா தெரியும். ஆம்பள."

கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து, அதைப் போர்த்தித்தான் எடுக்க வேண்டும். வாய்க்கரிசியும் அங்கிருந்து வர வேண்டும். ஷர்வரி செத்த அன்று சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, கண்ணம்மாள் தன் தம்பியைக் கடைத்தெருவுக்கு அனுப்பி ஒரு சேலை வாங்கிவரச் சொல்லி, அவன் கையாலேயே போர்த்தச் சொன்னாள். ஊர் வாயை அடைத்தாயிற்று. அவள் மனசு மட்டும் ஆறவில்லை. யார் துக்கம் கேட்டு வந்தாலும் இதில்தான் வந்து நிற்பாள்.

பத்து மணிக்கு மேல் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஜெகதீஷ் கோட்டைக்குப் போனான்.

ராஜகிரி அடிவாரத்தில் ஏற்கெனவே ஒரு கூட்டம். நடுவில் சத்தம். உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர், காவித் தலைப்பாகை கட்டிய ஒருவர், கையில் கழியோடு காவலாளி. காவலாளி ஜெகதீஷைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ அவங்க பாஷ பேசுவ இல்ல. மேல கொடி கட்டக் கூடாதுன்னு சொல்லு. ரூல்சுன்னு சொல்லு."

ஜெகதீஷ் சொன்னான். தலைப்பாகைக்காரர் கையை ஆட்டி நீளமாகப் பேசினார். எங்கள் ராஜா எட்டு வருஷம் இங்கே இருந்து தில்லிப் படையைத் தாங்கினார், எங்கள் ரத்தம் இந்தப் பாறையில் இருக்கிறது, இந்தப் பையன்களுக்குச் சரித்திரம் தெரியுமா, மாடு மேய்க்கிறவர்கள்.

"இன்னாவாம்?" என்றான் பைக்கில் சாய்ந்திருந்த பையன்.

"ரொம்ப தூரத்துலேந்து வந்துகிறாங்களாம். ஒரு போட்டோவாவது எடுத்துக்கலாமான்னு கேக்கறாரு."

"போட்டோ எடுக்கட்டும். யாரு வாணாம்னா? ஆனா இது தேசிங்கு ராஜா கோட்டன்னு சொல்லு. ஓசியில எழுதி வாங்கிட்டா ஆச்சா? வந்தமா சுத்திப் பாத்தமான்னு போய்க்கினே இருக்கணும்."

ஜெகதீஷ் தலைப்பாகைக்காரரிடம் திரும்பி, வெயில் ஏறுவதற்குள் மேலே போய் வந்துவிடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பையன் சொல்வதாகச் சொன்னான். அவர் பையனைப் பார்த்துக் கும்பிட்டார். பையன் ஒன்றும் புரியாமல் கையைத் தூக்கினான். தேசிங்கின் அப்பனும் வடக்கே புந்தேல்கண்டிலிருந்து வந்து இறங்கினவன்தான் என்று ஜெகதீஷ் படித்திருந்தான். அதை இரண்டு பக்கத்துக்கும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அவனுக்குக் களைப்பாக இருந்தது.

கொடி சுருட்டப்பட்டது. கூட்டம் படியேறியது. ஒருவர் மட்டும் ஏறாமல் நின்றார். ஒடிசலான ஆள், வெள்ளைக் குல்லாய், தோளில் ஒரு துணிப்பை. மோவாயைப் பார்த்ததும் ஜெகதீஷுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஷர்வரிக்கு இருந்த அதே மோவாய்.

கல்யாண மகாலின் நிழலில் போய் உட்கார்ந்தார்கள். பேச்சு இந்தியில்தான். மானேவுக்கு அது டிப்போவில் பழகிய இந்தி, ஜெகதீஷுக்குக் கம்பெனி கேன்டீனில் பழகியது.

"நீ மலை ஏறவில்லையா?" என்று கேட்டார் மானே.

"நான் இந்த ஊர்க்காரன்."

"எனக்கும் முடியாது. முழங்கால்." பையை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு உதவி வேண்டும். அதற்குத்தான் வந்தேன். கோட்டை சாக்கு."

பையின் காதை விரலில் சுற்றினார்.

"அவளுடைய அம்மாவுக்குத் தெரியாது."

"எது?"

"ஷரூ போனது."

கூரையில் ஒரு குரங்கு குட்டியோடு நடந்து போனது. மானே அது போய்ச் சேரும் வரை பார்த்தார்.

"நீ போன் செய்த அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இருதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள். அதிர்ச்சி கூடாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். வந்தாள். பிள்ளையார் சதுர்த்திக்குக் கணபதி வந்தார், அவர் போகட்டும் என்றேன். அப்புறம் தீபாவளி. அப்புறம் எந்த நாளில் சொன்னாலும், ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று ஆகிவிட்டது."

"அவர்கள் கேட்கவே இல்லையா?"

"எப்படிக் கேட்பாள்? பேசக் கூடாது என்று சொன்னவனே நான்தானே. மகள் பேசாமல் இருந்தால் அது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "டிவியில் ஜிஞ்ஜியை, உங்கள் செஞ்சியைக் காட்டினால் சேனலை மாற்ற விடமாட்டாள். ஷரூவின் ஊர், ஷரூவின் ஊர் என்பாள். இந்தப் பஸ் ஏற்பாடு ஆனதும் அவளே என் பெயரைக் கொடுத்துவிட்டாள். போய் ராசியாகிவிட்டு வா, இதை அவள் மடியில் கட்டு என்று கொடுத்தனுப்பினாள்."

பையைத் திறந்து காட்டினார். பச்சைச் சேலை. ரவிக்கைத் துணி. ஒரு சிறிய மூட்டையில் அரிசி, தேங்காய், மஞ்சள், குங்குமம், பாக்கு. பச்சைக் கண்ணாடி வளையல்கள் செய்தித்தாளில் சுற்றி இருந்தன. ஜெகதீஷ் இதைக் கேள்விப்பட்டிருந்தான். பெண் பிறந்த வீட்டுக்கு வந்தாலும், பிறந்த வீட்டார் பெண்ணைப் பார்க்கப் போனாலும், அவள் முந்தானையில் இதையெல்லாம் போட்டு மடி நிரப்புவார்கள். எனக்கு யாரும் நிரப்பவில்லை என்று ஷர்வரி ஒருமுறை சொன்னாள். சொல்லிவிட்டு வால்வு எண்ணப் போய்விட்டாள்.

"மதியம் உன் வீட்டில் நான் இருக்கும்போது போன் செய்வாள். பக்கத்து வீட்டுப் போன், முகம் தெரிகிற போன். ஷரூ வேலையாகச் சென்னைக்குப் போயிருக்கிறாள் என்று நீ சொல்ல வேண்டும். சேலையை வாங்கிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மருமகன் முகத்தைப் பார்த்தால் ஆறு மாதம் நிம்மதியாக இருப்பாள்."

"ஆறு மாதம் கழித்து?"

மானே வளையல்களை மறுபடி செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றினார்.

முடியாது என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். "சரி" என்றான் ஜெகதீஷ். பிறகு, "என் அம்மா வீட்டில் இருப்பார்கள்" என்றான்.

"உன் அம்மாவுக்கு மராட்டி தெரியுமா?"

"இல்லை."

"என் மனைவி சுமனுக்குத் தமிழ் தெரியாது. பிறகென்ன."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். பையை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்திருந்தார். தேங்காய் முதுகில் இடித்தது.

கண்ணம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். மானே குனிந்து கும்பிட்டார். அவள் கும்பிடவில்லை, துக்கத்துக்கு வருகிறவர்களை வா என்று சொல்வதும் வழக்கமில்லை. உள்ளே கையைக் காட்டினாள். கூடத்தில் ஷர்வரியின் படம், சந்தன மாலையோடு. மானே அதற்கு நேராக உட்காராமல், சுவரோரம் தள்ளிப் போட்டிருந்த நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"தண்ணி குடுடா அவருக்கு" என்றாள் கண்ணம்மாள். "ஏன் அப்ப வரலன்னு கேளு."

"அம்மா."

"கேளுடா. எனக்குத்தான் பாஷ வர்ல. உனக்கு வருது இல்ல."

"உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்கிறார்கள்" என்றான் ஜெகதீஷ் இந்தியில்.

"பரவாயில்லை என்று சொல்" என்றார் மானே.

"ஒடம்பு செரியில்லாம இருந்துச்சாம், அவங்க வூட்டம்மாவுக்கு" என்றான் ஜெகதீஷ் தமிழில். அதில் பாதி உண்மை என்பதே அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

கண்ணம்மாள் கொஞ்சம் இறங்கினாள். அவள் கண் பையின் மேல் விழுந்தது. "அது இன்னா, எனக்கா?"

மானே அந்தக் கை நீண்டதைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக் கொடுத்தார். சம்பந்தி வீட்டுப் பெண்மணி. கொடுப்பதில் தப்பில்லை என்று நினைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. அவர் ஜெகதீஷைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு எடுத்தார். இரண்டு வார்த்தை பேசினார். போனை அவன் கையில் கொடுத்தார்.

திரையில் ஒரு நெற்றி மட்டும் தெரிந்தது. பெரிய குங்குமப் பொட்டு, கண்ணாடியின் மேல் பாதி. போனை முகத்துக்கு மிக அருகே வைத்திருந்தாள்.

"ஜாவயிபாபு" என்றாள் அந்தம்மா. மாப்பிள்ளை என்று அர்த்தம். அந்தக் குடும்பத்தில் யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நன்றாக இருக்கிறாயா? இளைத்திருக்கிறாயே. போட்டோவில் குண்டாக இருந்தாய். ஷரூ சமைக்கிறாளா இல்லையா?"

"நன்றாக இருக்கிறேன், ஆயி." அம்மாவை ஷர்வரி அப்படித்தான் சொல்வாள்.

"அவள் எங்கே? என் மேல் கோபமா? அப்பாவைத் திட்டட்டும், என்னிடம் பேசச் சொல்."

"அவள் சென்னைக்குப் போயிருக்கிறாள். வேலை விஷயமாக..."

அவனுக்குப் பின்னால் கண்ணம்மாள் பையைப் பிரித்துவிட்டிருந்தாள். முதலில் சேலை. பிறகு அரிசி மூட்டை. தேங்காய், மஞ்சள், குங்குமம். ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பன் மறக்கவில்லை. எட்டு மாதம் கழித்தானாலும், முறைப்படி, அரிசியோடு கொண்டுவந்துவிட்டான். அவள் சேலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்ப் படத்துக்கு முன்னால் விரித்தாள். அரிசியை அதன் மேல் கொட்டினாள். தரையில் உட்கார்ந்து தலைமுடியை அவிழ்த்துவிட்டாள்.

"பொறந்த வூட்டுப் பொடவ வந்து
 பூத்த படம் பாக்குதே,
 போத்திக்கத் தோளு இல்ல
 பொகையாப் போனியே எங்கண்ணே..."

ஜெகதீஷ் பேச்சை நிறுத்தினான். மானே எழுந்து நின்றார். விரித்த பச்சைச் சேலையையும் அதன் மேல் அரிசியையும் பார்த்தார். குனிந்து அதை எடுக்கப் போனார். கண்ணம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையிலேயே முட்டிக்கொண்டு அழுதாள். சேர்ந்து அழ அவளுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

திரையில் நெற்றி அசையவில்லை.

"யார் அழுகிறார்கள்?"

"டிவி" என்றார் மானே, கையை விடுவிக்காமலே, உரக்க. "டிவி ஓடுகிறது, சுமன்."

"டிவியில் அழுகிறவர்களுக்கு இப்படி மூச்சு வாங்காது." போன் இப்போது கொஞ்சம் தள்ளிப் போனது. முழு முகமும் தெரிந்தது. பின்னால் ஓர் அடுப்பு, அதன் மேல் ஒரு பாத்திரம். "ஜாவயிபாபு. அது யார்?"

"என் அம்மா."

"எதற்கு அழுகிறாள்?"

மானே தலையை ஆட்டினார். வேண்டாம், வேண்டாம். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது ஜெகதீஷுக்குக் காலையிலிருந்து தான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கோட்டையில் இரண்டு பேர், வீட்டில் இரண்டு பேர். ஒருத்தர் சொன்னதையும் இன்னொருத்தரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கும்பிடு மட்டும் போய்ச் சேர்ந்தது. இன்னும் எத்தனை பேருக்கு இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமோ. அதைச் செய்ய அவனிடம் ஒன்றும் மிச்சம் இல்லை.

அவனுக்குத் தெரிந்த மராட்டியில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. மரியாதை இல்லாத சொல், ஆடு மாட்டுக்கும் சொல்கிற சொல். அதையே சொன்னான்.

"ஷரூ செத்துப் போய்விட்டாள், ஆயி. ஆகஸ்டில்."

அந்தம்மா கத்தவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பினாள். கேஸை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு போனைக் கையில் எடுத்தபடி எங்கோ உட்கார்ந்தாள். கூரை தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, மறுபடி முகம் தெரிந்தது. மானே நாற்காலியில் சரிந்து, குல்லாயைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். கண்ணம்மாளின் குரல் தேய்ந்து, அவளும் போனைப் பார்த்தாள். அங்கே இருப்பது யார் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அவருக்குத் தெரியுமா?" என்றாள் அந்தம்மா.

"தெரியும். அன்றைக்கே."

"ம்." கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "ரொம்ப நாள் படுத்திருந்தாளா?"

"இல்லை. ஒரு காலைப் பொழுதுதான்."

"தனியாக இருந்தாளா?"

"நான் இருந்தேன்."

"அந்தம்மாவை அழச் சொல். நிறுத்த வேண்டாம் என்று சொல். இங்கே எனக்கு யாரும் இல்லை."

"உன்ன அழச் சொல்றாங்கம்மா" என்றான் ஜெகதீஷ், தமிழில். இதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் சொன்னான். "நிறுத்த வாணாம்ன்றாங்க. அங்க அவங்களுக்கு யாரும் இல்லியாம்."

கண்ணம்மாள் அழவில்லை. பக்கத்தில் வந்து, திரையில் தெரிந்த கன்னத்தை விரலால் தொட்டாள். தொட்டதும் படம் உறைந்து, மறுபடி வந்தது.

"கடைசியாக என்ன சொன்னாள்?" என்று கேட்டாள் அந்தம்மா.

மானே குல்லாயை இறக்கினார். ஜெகதீஷைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது: ஆயி. ஆயி என்று சொன்னாள் என்று சொல். கெஞ்சுகிற முகம். சொல்லிவிடலாம். கராட்டில் ஓர் அம்மா அதை வைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள். இந்தத் தெருவில் கண்ணம்மாளும் வேறொன்றைச் சொல்லி வைத்திருந்தாள், மருமகள் கடைசி மூச்சில் தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று. கண்ணம்மாள் அப்போது ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். ஜெகதீஷ் அதை மறுத்ததில்லை.

"தலை வலிக்கிறது என்றாள்" என்று மராட்டியும் இந்தியுமாகச் சொன்னான். "வாந்தி எடுத்தாள். நான் ஆட்டோ கூட்டிவந்தேன். கைத்தாங்கலாக ஏற்றினேன். ஏறி உட்கார்ந்ததும் ஒன்று சொன்னாள். அப்புறம் பேசவில்லை, ஆயி. அது உங்களைப் பற்றி இல்லை. என்னைப் பற்றியும் இல்லை."

"என்ன சொன்னாளோ அதைச் சொல்."

"தமிழில் சொன்னாள்."

"தமிழிலேயே சொல். அவள் எப்படிச் சொன்னாளோ அப்படி. அர்த்தம் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்."

ஜெகதீஷ் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

"செருப்ப எடுத்து உள்ள வையி. நாயி தூக்கிக்கினு பூடும்."